திட்டம் கைமாறும்போது: சிஎல்ஏவா, டிசிஓவா?

பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் எழுதி, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்ட நிரலை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். பங்களித்தவர்களிடம் சிஎல்ஏ, டிசிஓ என்ற இரண்டில் எந்த ஒப்புதலை வாங்குவது நல்லது?

டிசிஓ என்பது, இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் தரும் உறுதிமொழி. நிரல் மாற்றத்தைப் பதியும் கிட் கமிட் கட்டளையோடு மைனஸ் எஸ் (-s) சேர்த்தால் போதும். பெயரும் மின்னஞ்சலும் உள்ள ஒப்புதல் வரி விழும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் 2004 முதல் இதுதான் நடைமுறை. நிர்வாகம் மாறினால் மறுகையெழுத்து தேவையில்லை. உரிமத்தை மாற்றத்தான் ஒவ்வொருவரையும் தேடிப்பிடிக்க வேண்டும். படிப்பு முடித்துப் போனவரின் கல்லூரி மின்னஞ்சல் அதற்குள் செத்திருக்கும்.

சிஎல்ஏ என்பது பங்களிப்பவர் கையெழுத்திடும் உரிம ஒப்பந்தம். அது, அதில் பெயர் குறித்த அமைப்புக்கே உரிமை தருகிறது. உரிமையை அடுத்தவருக்கு மாற்றித்தரும் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் புதிதாகக் கையெழுத்து வாங்கும் நிலை வரலாம். இருந்தால் புது நிர்வாகமே உரிமத்தை மாற்றிவிடலாம். சிஎல்ஏ வாங்கிவந்த ஹாஷிகார்ப் நிறுவனம், 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் மென்பொருளை எம்பிஎல் என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து, போட்டி வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியது. அதனால் மாணவர் திட்டத்துக்கு டிசிஓவே சரி.

கங்கைகொண்டான் ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர் பங்களித்தால், எந்த முறையானாலும் கம்பெனியின் எழுத்து அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.