ஜூம் எச்1என்: செட்டிநாட்டில் ஆவணப்படம் எடுக்க இந்தச் சின்ன ரெக்கார்டர் போதுமா?

ஊரணியின் வரத்துக்கால் அடைபட்டது, ஆலைக் கழிவு வயலில் இறங்குவது, தறிக்கூலி ஏறாதது என்று செட்டிநாட்டுப் பக்கம் எடுக்கப்படும் சின்ன ஆவணப்படங்களுக்கு அதே ஊர் மந்தைதான் முதல் தியேட்டர். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், மைக்செட், குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கரில் அடிக்குரல் எடுபடாது. எதிரொலியோடு பதிவான பேச்சு அதில் வெறும் இரைச்சலாகத்தான் வரும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். பேசுவது விளங்காவிட்டால் எழுந்து போய்விடும். ஆகவே கேமராவை மாற்றும் முன் ஒலிக்குச் செலவழிப்பதே உத்தமம், அந்தச் செலவில் முதலில் நிற்கும் கருவிகளில் ஒன்று ஜூம் எச்1என்.

2018-ல் வந்த மாடல். உள்ளங்கை அளவு, இரண்டு ஏஏஏ பாட்டரி, 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு, தலையில் 90 டிகிரியில் குறுக்காக வைத்த இரண்டு மைக், வெளி மைக் சொருக ஒரு 3.5 எம்எம் துளை. அவ்வளவுதான். பெரிய மைக்குகளுக்கான எக்ஸ்எல்ஆர் துளையும் கிடையாது, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபேன்டம் பவரும் கிடையாது. பெரிய ஷாட்கன் மைக் வைத்திருப்பவர்கள் இத்தோடு அடுத்த மாடலைப் பார்க்கப் போகலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஃபார்மட்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) என்று மாற்றுவது. எம்பி3-யைத் தொடவே வேண்டாம். இந்த அளவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 30 மணி நேரம் அடங்கும். ஃபைல் 2 ஜிபி ஆனதும் தானாக அடுத்த ஃபைலுக்குப் போய்விடும் என்பதால் நீளமான பதிவு இரண்டு துண்டாகக் கிடைத்தால் பதற வேண்டாம். முகப்பில் ஆட்டோ லெவல் என்று ஒரு பட்டன் இருக்கிறது. பேட்டியில் அது எதிரி. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் ஆட்டோ லெவல் கெய்னை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றும், பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் பொங்கி வரும், அவர் மறுபடி வாயைத் திறந்ததும் அமுங்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய வழியில்லை. அதை அணைத்துவிட்டு, கெய்ன் சக்கரத்தைக் கையால் வைத்து, உரக்கப் பேசும் இடங்களில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். திடீர் உரத்த சத்தத்தை அடக்கும் லிமிட்டர் ஆன், அடி இரைச்சலை வெட்டும் லோ கட் ஆன்.

செட்டிநாட்டில் இந்தக் கருவி தோற்கும் இடம் நகரத்தார் வீடுகள்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி போல வழவழப்பு, கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயர்ந்த கூரை. ஒலியை உறிஞ்ச ஒரு துணிகூட இல்லாத இடம். கேமராவுக்கு அழகாக இருக்கிறதே என்று பட்டாலை என்ற கூடத்தின் நடுவில் ஆச்சியை உட்கார வைத்து, ஆறடி தள்ளி எச்1என்னை நிறுத்தினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். இதில் கருவிமேல் குற்றமில்லை. குறுக்கு மைக் இரண்டும் அகலமாகக் கேட்பதற்கென்றே வைத்தவை. குரலோடு சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்தே வாங்கும். பரிகாரம் தூரத்தைக் குறைப்பதுதான். வாயிலிருந்து ஒன்றரைச் சாண், மிஞ்சினால் இரண்டு சாண். ஃப்ரேமுக்குள் தெரிகிறது என்றால் மடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைக்கலாம். தரையில் ஜமுக்காளம், பேசுபவருக்கு எதிரில் ஃப்ரேமுக்கு வெளியே கொடியில் இரண்டு போர்வை. இதைச் செய்தாலே பாதி எதிரொலி போய்விடும். சாமான் அடைத்த இரண்டாங்கட்டு அறை ஒன்று கிடைத்தால் பட்டாலையை விட்டுவிட்டு அங்கேயே பேட்டியை எடுக்கலாம். பட்டாலையின் அழகைத் தனி ஷாட்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வழி காலர் மைக். பரவலாகக் கிடைக்கும் போயா பிஒய்-எம்1 இதற்குப் பொருந்தும். 6 மீட்டர் வயர், உள்ளே எல்ஆர்44 பாட்டரி. அதன் டப்பியில் உள்ள சுவிட்சைக் கேமரா பக்கம் தள்ள வேண்டும், ஃபோன் பக்கம் அல்ல. வேலை முடிந்ததும் திருப்பித் தள்ள மறந்தால் பாட்டரி வீணாகத் தீரும். ஃபோனுக்கென்றே செய்த மற்ற காலர் மைக்குகளின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். அவற்றுக்கு இடையில் ஒரு அடாப்டர் இல்லாமல் இதில் ஒழுங்காக வேலை செய்யாது. மைக்கைத் தாலிச் சரடு, கழுத்துமணிக்குப் பக்கத்தில் குத்தக் கூடாது. முந்தானை மடிப்பின் ஓரம் சரியான இடம்.

ஆத்தங்குடிக் கல் பட்டறை இதற்கு நேர்மாறு. அங்கே அடுப்பு கிடையாது, பெரிய எந்திரமும் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றுவது, மேலே உலர் கலவையைத் தூவுவது, கரணையால் வழிப்பது, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது என எல்லாம் மெல்லிய ஒலிகள். கெய்னை உச்சிக்கு ஏற்றினால் எச்1என்னின் சொந்த ஹிஸ் சத்தம் மேலே வந்து நிற்கும். ஏற்றாமல் கருவியை ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோவதே சரி. ஆனால் கையில் பிடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் உடம்பு, விரல் நகர்ந்தால் அதுவும் பதிவாகும். முதுகில் திருகு துளை இருக்கிறது, குட்டி டிரைபாட் ஒன்று போதும். சிமெண்ட் தூசு மைக் வலைக்குள் போனால் எடுப்பது கஷ்டம். ஸ்பாஞ்ச் உறை போட்டே வேலை செய்யுங்கள்.

கண்டாங்கித் தறியில் பேச்சையும் தறிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்க முயல்வது வீண். பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் குரலைவிடப் பல மடங்கு ஏறும். தறியை நிறுத்திப் பேச்சு, பிறகு தறிச் சத்தம் தனியாக 5 நிமிடம், பிறகு யாரும் பேசாத அறைச் சத்தம் 1 நிமிடம். பேச்சை வெட்டிய இடங்களை நிரப்ப உதவும் இந்தக் கடைசி ஒரு நிமிடம் இல்லாமல் எடிட்டரிடம் போனால் திட்டு வாங்குவது நிச்சயம்.

வெட்டவெளியில் ரோம உறை, அதுதான் டெட்கேட், இல்லாமல் எடுக்கவே வேண்டாம். கண்மாய்க் கரைக் காற்று ஸ்பாஞ்சுக்கு அடங்காது.

கிராமசபைக் கூட்டத்தில் மைக்செட் ஓடினால் ஆம்பிளிஃபயரின் லைன் அவுட்டிலிருந்து (ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் துளை) வயர் எடுக்கலாம், கெய்னை மிகக் குறைவாக வைத்து. குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் மட்டும் கை வைக்காதீர்கள். அது 100 வோல்ட் லைனாக இருக்கலாம். சொருகிய நொடியில் ரெக்கார்டர் போய்விடும். ஆம்பிளிஃபயரில் லைன் அவுட் இல்லையென்றால் பேசுகிறவர்கள் பக்கம் கருவியை வைப்பதே நல்லது.

பதிவான ஒலியைக் கேமராப் படத்தோடு சேர்ப்பதற்கு ஒரு கைத்தட்டல் போதும். ஆனால் இரண்டு கருவிக்கும் கடிகாரம் வேறு. நீண்ட பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். ஃபோனில் படம் எடுப்பவர்களுக்கு விலகல் இன்னும் அதிகம், காரணம் ஃபோன் ஃப்ரேம் ரேட்டை ஒரே சீராக வைப்பதில்லை. எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

முகம் காட்டப் பயப்படுபவர்களிடம் இதன் சின்ன உருவம் பெரிய வசதி. கேமராவைப் பார்த்தால் வாயடைத்துப்போகும் ஆலைத் தொழிலாளி இதன்முன் சகஜமாகப் பேசுவார். ஒப்புதலையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கிவிடலாம். குரலும் வெளியே தெரியக் கூடாது என்றால் குரலின் சுருதியை (பிட்ச்) மாற்றுவதை நம்பாதீர்கள், அதைத் திருப்பி எடுக்க முடியும். சொன்னதை வேறொருவரை வாசிக்க வைப்பதே பாதுகாப்பு. பின்னாளில் மனுவோடு சேர்க்கக்கூடிய பதிவு என்றால் மூல ஃபைலை வெட்டாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். கருவியின் தேதியையும் பாருங்கள். பாட்டரி இல்லாமல் கருவி நெடுநாள் கிடந்தால் அந்தத் தேதி அழிந்துவிடும்.

2024-ல் வந்த ஜூமின் அடுத்த மாடலான எச்1எசென்ஷியல், மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒருசேர அடங்கும் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் கெய்ன் வைக்கும் கவலையே இல்லை. தனியாளாகக் கேமராவும் ஒலியும் பார்ப்பவர்கள் புதிதாக வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். எச்1என்னைப் பழையதாக, நியாய விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாம். பாட்டரி மூடி கொக்கி உடையாமல் இருக்கிறதா, ஹெட்போனை மாட்டி வயரை லேசாக ஆட்டும்போது ஒரு காதில் ஒலி அறுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.