அச்சடித்த எண்ணெய்க் கறை: ஒரு ‘காட்டு வேலை’ உடுப்போடு ஒரு குளிர்காலம்

போன குளிர்காலம் முழுக்க, தம்பி வாங்கிக் கொடுத்த ‘காட்டு வேலை’ உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் விறகு வேலை பார்த்தேன். ஜாக்கெட், கேன்வாஸ் கால்சட்டை, பூட்ஸ், கூடவே கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கோடாலி. நான்கும் ஒரே பெட்டியில் வந்தன. தனக்கும் ஒரு செட் வாங்கிக்கொண்டான். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி செட்டை இப்போது பல பேர் விற்கிறார்கள். எதைப் பற்றிப் படிப்பதாக நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறு வராது.

பதினோரு வருஷமாக வீட்டுக் கணப்புக்கான விறகை நானே அறுத்து, பிளந்து, அடுக்குகிறேன். தொழில்காரி இல்லை. காற்றில் விழுந்தவை, அக்கம்பக்கத்தில் வெட்டிப் போட்டவை, அவ்வளவுதான். நிற்கிற மரத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் இன்றும் ஆள்தான் கூப்பிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ஜாக்கெட்டின் மார்பில் இருந்த எண்ணெய்க் கறை. யாரோ போட்டுத் திருப்பி அனுப்பியதைத் தள்ளிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். தம்பியின் ஜாக்கெட்டிலும் அதே இடத்தில், அதே வடிவத்தில் ஒரு கறை! அப்புறம்தான் புரிந்தது, அது அச்சு. முழங்கையில் ஒரு கிழிசல், அதை வேறு நிற நூலால் தைத்த தையல், எல்லாமே தொழிற்சாலையில் செய்தது.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மரம் அறுக்கும் மெஷினான செயின்சாவில் சங்கிலிக்கு எண்ணெய் தானாக ஊறிக்கொண்டே இருக்கும். சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்குப் ‘பார்’ என்று பெயர்; அதன் அடிப்பக்கத்தில் சங்கிலி நம்மை நோக்கி ஓடி வருகிறது. சங்கிலியைச் சுழற்றும் பல்சக்கரம் மெஷினின் வலது பக்கம் இருக்கிறது. அதனால் சிம்பும் எண்ணெயும் சேர்ந்து வந்து விழுவது வலது காலில். என் பழைய கால்சட்டைகளை எடுத்துப் பாருங்கள், வலது தொடை முழுக்கக் கருத்திருக்கும், இடது பக்கம் ஓரளவு சுத்தம். சட்டையில் தேய்வது முழங்கை இல்லை, இடது முன்கை. கட்டைகளை அந்தக் கைமடிப்பில் அடுக்கித்தான் தூக்குகிறோம். முழங்காலில் மண் ஏறுவது, குனிந்து உட்கார்ந்து சங்கிலியின் பற்களைக் கூராக்க அரம் போடுவதால். மார்பில் எண்ணெய் படவேண்டும் என்றால் மெஷினைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கம்பெனியின் விளம்பரப் படத்தில் அந்த மாடல் கிட்டத்தட்ட அப்படித்தான் நிற்கிறார். தலைக்கவசம் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, பாரின் மேல் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அப்படியே இருக்கிறது. ஒருவிதத்தில் அந்தப் படத்தில் இருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அந்த உறைதான்.

ஜாக்கெட் கதகதப்பானது, அதை மறுக்க முடியாது. துணியும் நல்ல துணி. குறை எல்லாம் வெட்டில் இருக்கிறது. பெண்களுக்கான அளவு என்று சொல்லி நான்கு பைகளில் இரண்டை வெறும் மூடியாகத் தைத்திருக்கிறார்கள்; உள்ளே பையே இல்லை. அரம், பிளாஸ்டிக் ஆப்பு, பார் நட்டுக் கழற்றும் ஸ்பேனர், இந்த மூன்றையும் எங்கே வைப்பேன்? இடுப்பைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒரு கயிறு தொங்குகிறது. இரண்டாவது நாளே அது ஒரு கிளையில் மாட்டி என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. கையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே கத்தரிக்கோலால் அந்தக் கயிற்றை வெட்டி எறிந்தேன்.

கழுத்துப் பட்டை இன்னும் மோசம். படத்தில் கம்பீரமாகத் தெரியும் அந்த உயரமான கம்பளிப் பட்டை, காதுக் கவசத்தைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும் சத்தம் உள்ளே வந்துவிடும். பெட்ரோல் செயின்சாவின் சத்தம் சாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கில் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் வரை பரவாயில்லை, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம்.

இந்த மாதிரி உடுப்பே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அதில் இருப்பதற்கெல்லாம் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஜீன்ஸ் பையின் மூலையில் இருக்கும் செப்பு ரிவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூலியாட்களின் பைகள் கிழிந்துகொண்டே இருந்ததால் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் அதை அடித்துப் பார்த்தார். 1873 மே 20-ல் அவருக்கும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்கும் காப்புரிமை கிடைத்தது. சியாட்டிலில் 1897-ல் தொடங்கிய ஃபில்சன் கம்பெனி, கனடாவின் க்ளோண்டைக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தது. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரம் வெட்டியவர்கள் புதுக் கால்சட்டையின் அடிமடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, பிசிறு தொங்கும்படிதான் போடுவார்கள். கிளையில் மாட்டினால் துணி கிழிய வேண்டும், ஆள் விழக்கூடாது. பெல்ட்டுக்குப் பதில் தோள்வார்.

எங்கள் செட்டில் என்ன செய்திருக்கிறார்கள்? அடிமடிப்பை மூன்று வரி தையல் போட்டு இறுக்கி, வெளிப்பக்கம் மடித்து விட்டிருக்கிறார்கள். கிளையில் மாட்டினால் கிழியவே கிழியாது. மடிப்புக்குள் தினமும் ஒரு கைப்பிடி மரத்தூள் சேரும், அது இலவசம்.

கால்சட்டையைப் பற்றித்தான் தம்பிக்கும் எனக்கும் சண்டையே வந்தது. “அக்கா, இந்தத் துணியைத் தொட்டுப் பார், தகடு மாதிரி இருக்கு, இதைச் செயின் என்ன பண்ணும்?” என்றான். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு இருபது மீட்டருக்கு மேல்கூட ஓடும். கேன்வாஸ் அதற்குக் காகிதம். செயின்சாவுக்கான பாதுகாப்புக் கால்சட்டை வேலை செய்வதே வேறு விதம். அது தடுப்பதில்லை, சிக்க வைக்கிறது. மேல்துணிக்குக் கீழே நீள நீளமான இழைகள் பல அடுக்காக இருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி, கண் இமைப்பதற்குள் மெஷினை நிறுத்திவிடும். இந்தக் கால்சட்டைகளில் வகுப்புகள் உண்டு: வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சோதித்தது, 2 என்றால் 24, 3 என்றால் 28. ஒரு தடவை வெட்டுப்பட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், தைத்துப் போடக்கூடாது.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு இல்லை. மூன்றாவது வருஷம், சாதா ஜீன்ஸில், கடைசிக் கட்டையை அறுத்து முடித்து, வேகம் கொடுக்கும் த்ராட்டில் விசையை விட்டேன். சங்கிலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, கை தாழ்ந்தது, இடது முழங்காலுக்கு மேல் தொட்டது. தொட்டது மட்டும்தான். துணி உள்ளங்கை அளவுக்குத் திறந்தது, தோலில் மூன்று தையல். அந்த ஜீன்ஸில் செப்பு ரிவிட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து பாதுகாப்புக் கால்சட்டை இல்லாமல் மெஷினை நான் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கேன்வாஸை நான் சோதித்தது அடுக்குகிற நாட்களிலும் பிளக்கிற நாட்களிலும் மட்டும். அதற்கு அது நன்றாகவே உழைக்கிறது. தம்பிக்கும் எனது பழைய பாதுகாப்புக் கால்சட்டை ஒன்றைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். “இது அழகா இல்லை” என்றான். “உனக்குக் கால் அழகா இருக்கட்டும்டா” என்றேன்.

அவன் புது மெஷினும் வாங்கியிருந்தான். முதல் நாள் முழு உடுப்போடு வந்து நின்றபோது, சத்தியமாக, படத்தில் இருந்த மாடலைவிட நன்றாக இருந்தான். பத்து நிமிடம் கழித்து, “அக்கா, ஓடுது, ஆனா அறுக்கலை” என்று வந்தான். கட்டையில் ஒரு விரல் ஆழத்துக்குக் கருகிய தடம், புகை, மாவு மாதிரி தூள். பார்த்தால் சங்கிலியைத் திருப்பி மாட்டியிருக்கிறான். பற்கள் எல்லாம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.

சிரிக்காமல் சரிசெய்து கொடுத்தேன், ஏனென்றால் எனக்கும் முதல் வருஷம் நடந்தது இதேதான். அப்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் வாழ்நாள் முழுக்க மரம் அறுத்தவர். வெளிறிப்போன ஒரே சட்டையைத்தான் எப்போதும் போட்டிருப்பார். அவர் மெஷினைப் பார்க்க மாட்டார், அதிலிருந்து கீழே விழுவதைத்தான் பார்ப்பார். சீவல் சீவலாக விழுந்தால் பேசாமல் இருப்பார். தூளாக விழுந்தால், “ஏம்மா, நிறுத்து, அரத்தை எடு.” என் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேலேயே 30 டிகிரிக் கோடு போட்டிருக்கும், அதற்கு இணையாக, உள்ளிருந்து வெளியே, தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்களுக்கு மட்டும் கூடப் போட்டால் அறுப்பு வளைந்து போகும், கட்டையின் முகம் வாழ்நாளுக்கும் காட்டிக் கொடுக்கும். ஓடுகிற சங்கிலி மண்ணை ஒரு நொடி தொட்டால் போதும், செய்ததெல்லாம் வீண். தம்பி அரம் போடக் கற்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐந்தாவதில் சீவல் விழுந்தது.

கோடாலிக்கு வருவோம். கைப்பிடிப் பெயின்ட் அரை மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம் கொடுத்தது. வழவழப்பான பூச்சில் கை சூடேறும். அதைவிட, அலகு மெலிந்த கோடாலி இது, குறுக்கே வெட்டுவதற்கானது. விறகு பிளக்கும்போது கட்டைக்குள் இறங்கி அப்படியே மாட்டிக்கொள்கிறது. பிளப்பதற்கு ஆப்பு மாதிரி கன்னம் புடைத்த, மூன்று நான்கு கிலோ எடையுள்ள தலை வேண்டும். எடைதான் பிளக்கிறது, கூர்மை இல்லை. அதிலும் எங்கே அடிப்பது என்பது இருக்கிறது: வெட்டு முகத்தில் காயும்போது விட்ட வெடிப்புகளைத் தேடி அதன் வழியே, கணுவை விட்டு விலகி. பெரிய உருளையாக இருந்தால் நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பத்தை பத்தையாக. இதெல்லாம் பெட்டியோடு வந்த வண்ணக் கையேட்டில் இல்லை. அதில் ‘காட்டின் மௌனம்’ பற்றி ஒரு பக்கம் இருந்தது.

அதே கையேட்டில், இன்று பிளந்த விறகை இன்று இரவே நெருப்பில் வைத்து மகிழும்படி ஒரு படம். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். அது இருபது சதவீதத்துக்குக் கீழே வராமல் எரித்தால் சூடு வராது, புகைபோக்கியில் கரிப்பிசின்தான் படியும். அது ஒரு நாள் தீப்பிடிக்கும். லேசான மரத்துக்கு ஒரு வெயில்காலம் போதும், ஓக் மாதிரி கனமானதற்கு இரண்டு வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் தெரியும்: காய்ந்தது கணீர் என்கும், ஈரமானது தொப் என்கும்.

பூட்ஸ் நல்லது. தோல் நல்லது, தையல் நல்லது. முனையில் எஃகு இல்லை, ஈரப்பட்டையில் வழுக்குகிறது. நடக்கப் போட்டுக்கொள்கிறேன்.

ஆக, ஜாக்கெட்டுக்கு ஐந்தில் மூன்று, பூட்ஸுக்கு மூன்றரை, கால்சட்டைக்கு இரண்டரை, கோடாலிக்குப் பூஜ்யம். சுவரில் மாட்டுவதாக இருந்தால் கோடாலிக்கு நாலு.

தம்பியின் ஜாக்கெட்டில் ஒரு பொத்தான் கழன்று வந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துப் பொத்தான் மாற்றாமலே திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: பயன்படுத்தியதால் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது, எனவே மாற்றித் தர இயலாது. எந்தக் கறை என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.