ஊட்டிக் குளிரும் என் வண்டி ஹீட்டரும்: நான்கு குளிர்காலத்து அனுபவம்

2021 செப்டம்பரில் திருப்பூரிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி வந்தேன். 2012 மாடல், 71,000 கி.மீ. ஓடியிருந்தது. ஏ.சி. சில்லென்று வருகிறதா என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஹீட்டரைப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. திருப்பூர் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அது எப்படித் தோன்றும்?

டிசம்பரில் தெரிந்தது. காலை ஆறரைக்கு ஊட்டியில் கிளம்பி குன்னூருக்கு வேலைக்குப் போக வேண்டும், சுமார் 20 கி.மீ. இறக்கம். பக்கத்து இருக்கையில் அப்பா, குல்லாவும் மஃப்ளருமாக. குமிழைச் சிவப்புக் கோட்டின் கடைசிவரை திருப்பி வைத்தும், கேத்தி தாண்டும்வரை யாரோ வாயால் ஊதுவது போலத்தான் காற்று வந்தது. அரவங்காட்டுக்குள் அதுவும் ஆறிவிடும். முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே ஒரு கையால் ஓட்டுவேன்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்காமலே, "ஹீட்டர் காயில் போச்சு சார், டேஷ்போர்டை இறக்கணும், பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். காயில் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினில் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும், பிளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும், நமக்குச் சூடு. அவ்வளவுதான் ஹீட்டர். வாங்கிய விலை ஒன்றரை லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு குமிழுக்காகக் கொடுக்க மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். காலையில் இறங்கும்போது சூடே வராத வண்டி, சாயங்காலம் குன்னூரிலிருந்து ஏறும்போது நன்றாகவே சூடு கொடுத்தது. சாரிங் கிராஸ் நெரிசலில் நின்றாலும் கொஞ்சம் சூடு கூடும். ஓட ஓடத்தான் ஆறும். தண்ணீர் குறைந்திருந்தாலோ உள்ளே ஏர் லாக் (தண்ணீர் ஓடும் வழியில் சிக்கிய காற்று) இருந்தாலோ பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கும்: நின்றால் குளிரும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடாகும். டெம்பரேச்சர் முள்ளும் இறக்கத்தில் 'சி' எழுத்தை விட்டு நகரவில்லை. ஆக, இன்ஜினே சூடாகவில்லை. அப்புறம் ஹீட்டர் பாவம் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன் (ஃபேன் பக்கம் விரல் போகாமல்). இன்ஜின் சூடேறும்வரை அந்த ஹோஸ் சில்லென்றுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் தெர்மோஸ்டாட் வால்வு மூடி வைத்திருக்கும். என் வண்டியில் இரண்டாவது நிமிடமே வெதுவெதுப்பு தட்டியது. வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

தெரு முனையில் தனியாகச் சின்ன பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "அண்ணே, தெர்மோஸ்டாட் மட்டும் கழற்றிப் பார்க்கலாமா?" அவர் சிரித்தார். இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே வால்வே இல்லை. கேஸ்கெட் மட்டும் பத்திரமாக இருந்தது.

"கீழ இருந்து வர்ற பழைய வண்டியில நிறைய பேருக்கு இப்படித்தான் சார். ஒரு தடவை ஹீட் ஆச்சுன்னா இதைப் பிடுங்கிப் போட்டுடுவாங்க. அங்க அது வைத்தியம்."

சமவெளியில் அந்த வைத்தியத்தின் குறை வெளியே தெரியாது. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே, உறைபனி விழும் ஊரில் அதுவே வேறு கதை. இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லை. இருக்கிற சூட்டையும் ரேடியேட்டர் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்.

புது வால்வு 620 ரூபாய். மேலே 82 என்று பொறித்திருந்தது, திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் ஆசையில் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வீட்டம்மா திட்டிக்கொண்டே பழைய சட்டி ஒன்றைத் தந்தார். வால்வை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 75 வரை அசைவில்லை. 80-ஐத் தாண்டியதும் நடுவட்டம் மயிரிழை அளவு விலகியது, அப்புறம் பூ விரிவது மாதிரி மெல்லத் தூக்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி, விரிந்து தள்ளுகிற வேலை அது. முழுக்கத் திறப்பதைப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். அடுப்பை அணைத்ததும் மறுபடி மூடிக்கொண்டது. அப்பாவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

மாட்டிய மறுநாள் காலை, வெளியே 6 டிகிரி. காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தேன். வால்வு இல்லாதபோது கேத்தியில் 29 காட்டியது, இப்போது 43. முள்ளும் நடுவில் நின்றது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் பாக்கி இருந்தது.

இரண்டாவது கோளாறு அப்போதுதான் தெரிந்தது. இன்ஜினிலிருந்து கேபினுக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ் போகும். ஒன்றில் விரல் வைக்க முடியவில்லை, மற்றதைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் காயில் சரி; இப்படி இருந்தால் உள்ளே அடைப்பு. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கியபோது காரணமும் வெளியே வந்தது. கூலன்ட் (துருப் பிடிக்காமல் காக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) என்ற பேச்சே இல்லை, வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். புளிக்கரைசல் நிறத்தில் துரு.

இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயைச் செருகி எதிர்த்திசையில் மெதுவாக விட்டோம். காப்பி வண்டல் மாதிரி கொட்டியது. கம்ப்ரஸர் காற்றை அடிக்கலாமா என்று கேட்டேன். பழைய காயில், வாயைப் பிளந்துவிடும் என்று அண்ணன் தடுத்துவிட்டார். தெளிவாக வரும்வரை ஒரு மணி நேரம். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஏர் லாக் எடுப்பதற்கு வண்டியின் மூக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எப்படி நிறுத்தினாலும் ஒரு பக்கம் மேலேதான் இருக்கும். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஓட விட்டோம். (மூடியைத் திறந்தது ஆறிய இன்ஜினில். சூடான இன்ஜினில் அதைத் தொடவே கூடாது.) சிந்திய கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

மறுநாள் கேத்தியில் 56. அப்பா மஃப்ளரைக் கழற்றினார். மைலேஜும் 12.5-லிருந்து 14.5 ஆனது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி மூடுவதற்கும் வழி கிடைத்தது: வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்துப் போட வேண்டும். ஏ.சி. ஈரத்தைப் பிழிந்துவிடும், ஹீட்டர் சுடவைக்கும். குளிரில் எதற்கு ஏ.சி. என்று அப்பா இன்றும் கேட்கிறார்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் 2023 நவம்பரில், மூன்றாவது குளிர்காலம் தொடங்கும்போது, வண்டிக்குள் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம். அப்பாவின் செருப்புக்குக் கீழே கார்ப்பெட் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. காயில் ஒழுகத் தொடங்கிவிட்டது. பல வருடம் துரு அரித்த உலோகம்; ஒருவேளை அந்தத் துருவேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததோ என்னவோ. இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து, காயிலுக்குத் தண்ணீர் போகாமல் இரண்டு வாரம் ஓட்டினேன். மறுபடி குல்லா, மறுபடி மஃப்ளர்.

கடைசியில் டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டியிருந்தது. அதே அண்ணன், இரண்டு நாள் வேலை. காயில் 2,800, கூலி 6,500. முதல் ஒர்க்‌ஷாப் சொன்னது சரிதானே என்று நண்பர் ஒருவர் கிண்டலடித்தார். இல்லை என்றே இன்றும் சொல்வேன். 2021-ல் புதுக் காயிலை மாட்டியிருந்தால், வால்வு இல்லாத இன்ஜினிலிருந்து வரும் அதே ஆறின துருத்தண்ணீர் அதற்குள்ளும் ஓடியிருக்கும். பதினாலாயிரம் கொடுத்துவிட்டு அதே வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது 1,12,000 கி.மீ. போன ஜனவரியில் தலைகுந்தாவில் புல்வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடந்த காலையில் 58 காட்டியது. டேஷ்போர்டை மறுபடி மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. எங்கே போக வேண்டியது என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. அது காசு போடும் குழியில் கிடக்கிறது. கேத்தி வளைவில் திரும்பும்போதெல்லாம் இடது பக்கத்தில் கிடுகிடுவென்று ஒரு சத்தம். அப்பா அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொள்வார், கையும் சூடாகும் என்பார்.