சூரியன் ஒளிர்வது மின்சாரத்திலா, அணுக்கரு இணைவிலா?

பாடப்புத்தகச் சூரியனையும் ‘மின் சூரியன்’ கருத்தையும் அருகருகே வைத்துப் படித்ததில், நான் அணுக்கரு இணைவின் (ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகி ஆற்றல் தருவது) பக்கம் வந்து நின்றுவிட்டேன். ஆகவே இது நடுநிலைக் கட்டுரை இல்லை.

மின் தரப்பு சொல்வது இதுதான்: சூரியனுக்குள் உலை எதுவும் கிடையாது, வெளியிலிருந்து பாயும் மின்னோட்டத்தால் ஒளிரும் நேர்மின்முனை அது. 1970களில் ரால்ஃப் ஜூர்கன்ஸ் இதை முன்வைத்தார். அவர்கள் கேட்கும் வலுவான கேள்வி ஒன்று உண்டு. மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதற்கு வெளியே இருக்கும் வாயு மண்டலமான கரோனா பத்து லட்சம் டிகிரி. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுமா? நியாயமான கேள்வி. காந்தப்புலம்தான் காரணம் என்கிறார்கள் வானியலாளர்கள், ஆனால் அது எந்த வழியில் சூடேற்றுகிறது என்பதில் அவர்களிடையே இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

எனக்கு வழக்கைத் தீர்த்துவைத்தது நியூட்ரினோ. தேனி பொட்டிபுரம் ஆய்வகச் சர்ச்சையில் அடிபட்டதே, அதே துகள்தான். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அது பிறந்தே ஆக வேண்டும். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், ரே டேவிஸ் என்ற விஞ்ஞானி, குளோரின் அடங்கிய 3,80,000 லிட்டர் உலர்சலவைத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பினார். நியூட்ரினோ மோதிய குளோரின் ஆர்கானாக மாறும். அத்தனை திரவத்துக்குள்ளிருந்து பத்திருபது ஆர்கான் அணுக்களைப் பிடித்து எண்ணினார். கிடைத்தது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு. மின் தரப்புக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் கனடாவின் சட்பரியில் 1,000 டன் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) நிரப்பிய கருவி 2001–02இல் கணக்கை நேர் செய்தது. நியூட்ரினோ வரும் வழியில் வகை மாறுகிறது. மூன்று வகையையும் சேர்த்தால் கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது. 2014இல் இத்தாலியின் போரெக்சினோ என்ற கருவி, முதன்மை இணைவு வினையின் நியூட்ரினோக்களையே நேரடியாக அளந்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. மையத்தில் உண்டான ஆற்றல் ஒளியாக மேலே வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நியூட்ரினோ எட்டே நிமிடத்தில் இங்கு வந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் சூரியனின் ஆற்றல், அளவீட்டுப் பிழைக்குள், ஒன்றாகவே வருகிறது. ஆற்றல் வெளியிலிருந்து வருகிறதென்றால் இந்தப் பொருத்தம் ஏன்? இணைவு மேற்பரப்பில் நடக்கிறது என்று மின் தரப்பில் சிலர் சமாளிக்கிறார்கள். எத்தனை நியூட்ரினோ வரும் என்று அவர்கள் முன்கூட்டி ஓர் எண் சொல்லி நான் பார்த்ததில்லை.

விண்வெளியில் மின்னோட்டமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. துருவ ஒளிக்குப் பின்னால் மின்னோட்டம் உண்டென்று நார்வே விஞ்ஞானி பிர்க்லாந்து சொன்னது செயற்கைக்கோள்களால் உறுதியானது. வியாழனுக்கும் அதன் நிலவு அயோவுக்கும் இடையே பல லட்சம் ஆம்பியர் ஓடுகிறது.

விண்மீன் மண்டலங்களை (கேலக்சி) வடிவமைத்துச் சுழற்றுவதும் மின்காந்த விசைதான் என்கிறது மின் தரப்பு. அந்த விஷயத்தில் என் பிடி கொஞ்சம் தளர்வுதான். 1980களில் அந்தோனி பெராட் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) இழைகளை மோதவிட்டுச் சுருள் வடிவங்களைக் கணினியில் வரவழைத்தார். படங்கள் அசலைப் போலவே இருக்கும். அந்தச் சுழற்சி வேகத்தை விளக்க வானியலாளர்கள் நம்பும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் துகளும் இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. ஆனால் காந்தவிசை வாயுவை இழுக்கலாம், நட்சத்திரத்தை எப்படி இழுக்கும்? இரண்டும் அநேகமாக ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன.