ஊருக்குள் கொண்டுபோக ஓம்ரான் 7120 பி.பி. மெஷின் எப்படி?

கிராமத்துக் குடும்பங்களைப் பொறுப்பெடுத்து அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்துக்காக எம்.பி.பி.எஸ். முதலாண்டிலேயே கிராமத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ஓம்ரான் எச்.இ.எம்-7120 தாராளமாகப் போதும். நாலு டபுள் ஏ பேட்டரி, ஒரே பட்டன். கரண்ட் இல்லாத திண்ணையிலும் ஓடும். 137/84 என்றால் அப்படியே காட்டும். கையால் பார்க்கும்போது முழு எண்ணாக்கி எல்லாரையும் 140/90 ஆக்கிவிடும் பழக்கம் இதில் செல்லாது.

தகராறு கையில் சுற்றிக் கட்டும் பட்டையில்தான் (கஃப்). கூட வருவது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கையில் அதையே இழுத்துக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், மெலிந்த பாட்டியின் கையில் குறைவாகக் காட்டும். 17–22, 32–42 அளவுப் பட்டைகளைத் தனியாக வாங்க வேண்டும். பையில் ஒரு தையல் டேப்பும் இருக்கட்டும். இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டுப் பட்டை கட்டாதீர்கள். அந்தச் சுருட்டலே கையை நெரிக்கும். மெல்லிய துணியாக இருந்தால் அதன் மேலேயே கட்டுவது மேல். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே, ட்யூப் நடுவிரலுக்கு நேராக.

நூறு நாள் வேலையிலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை உடனே பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் உட்காரட்டும். டீயோ பீடியோ ஆகியிருந்தால் அரை மணி. முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும், வாய் பேசக் கூடாது. பட்டை ஊதும் நேரம் பார்த்துத்தான் நம் ஆட்கள் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று ஆரம்பிப்பார்கள்! ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் எண் பெரும்பாலும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

140/90 தாண்டினால் அன்றைக்கே "உங்களுக்கு பி.பி." என்று சொல்லிவிடக் கூடாது, வேறொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110க்கு மேல் மறுபடியும் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் 108.

சீரற்ற துடிப்புக்கான குறி திரும்பத் திரும்ப மின்னினால் மெஷினை ஓரம் வையுங்கள். முழுசாக ஒரு நிமிடம் நாடி எண்ணி, ஸ்டெதஸ்கோப்பும் கடிகாரம் மாதிரி முள் ஓடும் அனராய்டு பி.பி. மானியும் கொண்டு பார்க்க வேண்டும். பட்டன் மட்டுமே அழுத்திப் பழகியவர்கள் விழிப்பது இங்கேதான். அதனால் குழுவுக்கு ஓர் அனராய்டு கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். முகாம் முடிந்ததும் ஓம்ரானிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அடுத்த விசிட்டுக்குள் கசிந்து வைக்கும்.