‘நேக்கட் சிட்டி’: நொடிக்கொரு திருப்பம்

நியூயார்க்கின் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸார்ன், நோன்சச் நிறுவனத்தின் வழியாக 1990இல் வெளியிட்ட ‘நேக்கட் சிட்டி’ இசைத்தொகுப்பில், ஏறத்தாழ 55 நிமிடங்களுக்குள் 26 உருப்படிகள் உள்ளன. ஜாஸ், பங்க், ப்ளூஸ், கண்ட்ரி, பழைய திரைப்படங்களின் பின்னணி இசை ஆகிய அனைத்தும் இதில் உண்டு. பல வகைகளைக் கலந்த தொகுப்புகள் நிறையவே வந்திருக்கின்றன. ஆனால் இங்கே அவை ஒன்றில் ஒன்று கரைவதில்லை, ஒவ்வொன்றும் தன் முகத்தோடு வந்து, கேட்பவர் அடையாளம் கண்டுகொண்ட மறுகணமே விலகிவிடுகின்றது.

‘ஸ்நேகிள்புஸ்’ என்ற உருப்படியைக் கவனித்தால் இது விளங்கும். சில நொடிகள் நீடிக்கும், ஜாஸின் துள்ளலான ஸ்விங் நடை, எச்சரிக்கையே இன்றி இரைச்சலாக வெடித்து, அந்த இரைச்சலும் அடங்காத நிலையில் வேறொரு நடைக்குத் தாவுகிறது. கிட்டாரில் பில் ஃபிரிசெல், கீபோர்டில் வேய்ன் ஹார்விட்ஸ், பேஸில் ஃபிரெட் ஃபிரித், டிரம்ஸில் ஜோயி பேரன் என நால்வரும் ஸார்னுடன் ஒரே கணத்தில் திரும்புகிறார்கள். மேடையிலும் இத்திருப்பங்களை இக்குழு நேரடியாகவே வாசித்தது என்பதை அறிந்த பிறகு, பேரனின் கைகளை நினைத்து வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஸார்னின் முந்தைய பத்தாண்டுகளே விடை. கார்ட்டூன் படங்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங்கிடமிருந்து நொடிக்கு நொடி மாறும் இசையையும், ஆன்டனி பிராக்ஸ்டனின் தனிச் சாக்ஸபோன் பதிவிலிருந்து அந்தக் கருவியின் எல்லையற்ற சாத்தியங்களையும் அவர் எடுத்துக்கொண்டார். 1984இல் அவர் உருவாக்கிய ‘கோப்ரா’ என்ற இசைப் படைப்பில் ஸ்வரங்கள் எழுதப்படவில்லை. நடத்துநர் உயர்த்திக் காட்டும் அட்டைகள் யார் வாசிக்க வேண்டும், எப்போது மாற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை மட்டுமே சொல்லும். எதை வாசிப்பது என்பது கலைஞரின் மனோதர்மம். கட்டற்ற வாசிப்பு என்றால் மனம்போன போக்கில் ஊதுவது என்று எண்ணுவோர், ‘கோப்ரா’வை ஒருமுறை கேட்டுவிட்டு இத்தொகுப்புக்கு வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘லோன்லி வுமன்’. கோல்மன் 1959இல் பதிவுசெய்த அந்தச் சோகமான மெட்டை இக்குழு ஓர் அழுத்தமான ராக் தாளத்தின்மீது ஏற்றியிருக்கிறது. ஆயினும் சாக்ஸபோனின் விம்மல் குறையவில்லை. இத்தாலியத் திரையிசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேயின் ‘தி சிசிலியன் க்ளான்’ உருப்படியிலோ ஸார்ன் எந்தக் குறும்பும் செய்யாமல், மெட்டை அதன் இனிமையோடு வாசிக்கிறார். கிறீச்சிடவும் அலறவும் மட்டுமே தெரிந்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவோருக்கு இது போதுமான மறுமொழி.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் ஒரு நிமிடத்தைக்கூட எட்டாத எட்டு உருப்படிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஜப்பானியப் பாடகர் யமாட்சுகா ஐயின் கூச்சல் முதல் இரண்டில் அதிர்ச்சி தருகிறது. அதன் பிறகு காது மரத்துப்போகிறது. எட்டில் பாதியை நீக்கியிருந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. முகப்பில் இருப்பது வீஜி எடுத்த, தெருவில் சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு மனிதரின் புகைப்படம்; ‘நேக்கட் சிட்டி’ என்ற குழுவின் பெயரும் வீஜியின் 1945ஆம் ஆண்டுப் புகைப்பட நூலின் பெயரே என்பதால் அதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஆனால் இதே குழுவின் பிந்தைய உறைகளில் வந்த வன்முறைப் படங்களை ஆசிய அமெரிக்கர்கள் கண்டித்ததில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன்.

ஜாஸ் இசைக்குப் புதியவர்கள் இதை முதலில் வாங்க வேண்டாம். யூத மரபின் ஸ்வர வரிசைகளைக் கோல்மனின் நால்வர் குழு அமைப்போடு இணைத்து, 1990களில் ஸார்ன் நடத்திய ‘மசாடா’ குழுவின் பதிவுகள் மெட்டும் தெளிவும் கொண்டவை. மாறாக, சாக்ஸபோனின் கட்டற்ற தனி வாசிப்பை மட்டும் தேடுவோருக்கு அவரது ‘தி கிளாசிக் கைட் டு ஸ்ட்ராட்டஜி’யைப் பரிந்துரைப்பேன்; அதில் வாத்து வேட்டைக்காரர்களின் ஊதல்களையும் அவர் வாசிக்கிறார் என்பதால், வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.