மெக்ரேயா, மார்ட்டின் பெக்கா?

கொலை செய்தது யார் என்பதைவிட, ஏன் செய்தார், அப்புறம் சுற்றியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்கிறவர்களுக்கு இரண்டு துப்பறியும் நாவல் தொடர்கள் உண்டு. ஒன்று, ஜார்ஜ் சிமெனான் எழுதிய பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரே. 1931 முதல் 1972 வரை 75 நாவல்கள், சிறுகதைகள் தனி. இன்னொன்று, ஸ்வீடனில் மாய் ஷோவாலும் பேர் வாலோவும் தம்பதியாக வாழ்ந்துகொண்டே எழுதிய போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக். 1965 முதல் 1975 வரை பத்தே நாவல்கள்.

மெக்ரே தடயத்தைவிட ஆளைத்தான் துருவுவார். செத்தவர் வீட்டில் பைப்பும் கையுமாக உட்கார்ந்து, அங்கிருப்பவர்களைப் பேசவிட்டுக் கேட்பார். 1955-இல் வந்த நாவல் ஒன்றில், பெண்களைத் தொடர்ந்து கொன்றவன் எனச் சந்தேகிக்கப்படுபவன் போலீஸ் பிடியில் இருக்கும்போதே இன்னொரு கொலை விழுகிறது. அவனைக் காப்பாற்ற அதைச் செய்தது அம்மாவா, மனைவியா? மாமியார் மருமகள் போட்டி இதைவிடப் பயங்கரமான இடத்துக்குப் போக முடியாது. ஆனால் மெக்ரேயின் சொந்த வீட்டில் சலனமே இல்லை. அவர் மனைவி சமைத்து வைத்துக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

பெக் விஷயத்தில் அடி விழுவதே வீட்டுக்குள்தான். மனைவியோடு பேச ஒன்றுமில்லாமல் பொம்மைக் கப்பல் கட்டிக்கொண்டிருப்பவர், சில நாவல்கள் தாண்டிப் பிரிந்து போகிறார், பிறகு இன்னொரு பெண்ணோடு மெல்லச் சிரிக்கப் பழகுகிறார். நண்பர் கோல்பெர்க் வெறுத்துப்போய் வேலையையே விடுகிறார். முதல் நாவல் ‘ரோசன்னா’வில் கால்வாயிலிருந்து எடுக்கப்பட்ட பெண் யாரென்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. படகில் வந்த பயணிகள் எடுத்த புகைப்படங்களை வாங்கிவைத்து ஒவ்வொரு முகமாகத் தேடுகிறார்கள். அந்தச் சலிப்பு நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. மெக்ரேயை வரிசையாகப் படித்தால் ஒன்றுபோலவே இருக்கிறதே என்று தோன்றும். பெக்கின் பின்பாதியில் ஆசிரியர்களின் இடதுசாரி அரசியல் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது. போலீஸ் துறையை அவர்கள் திட்டும் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

உறவுகள் வருடக்கணக்கில் தேய்வதையும் துளிர்ப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு பெக்குக்குத்தான். ஆனால் ‘ரோசன்னா’வில் தொடங்கி வரிசை மாறாமல் படிக்க வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரு மனசைப் பிரித்துப் பார்த்தால் போதும் என்றால் மெக்ரே. அதில் எந்த நாவலை முதலில் எடுத்தாலும் பரவாயில்லை.